லீவர் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு: இடம் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய கார்களின் அடியில் குனிந்து பார்த்தால் இன்றைய குழாய் வடிவ ஷாக் அப்சார்பர் கண்ணில் படாது. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் நுனியிலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் ஒரு லிங்க், அவ்வளவுதான். இதைத்தான் லீவர் ஷாக் என்கிறோம். அதற்கும் முந்தைய ஹார்ட்ஃபோர்டு வகை உராய்வு ஷாக்குகளில் எண்ணெயே கிடையாது. அதன் தட்டுகளில் எண்ணெய் தெரிந்தால் வேறெங்கிருந்தோ வந்தது என்று பொருள். தட்டைத் துடைத்துவிட்டு வந்த இடத்தைத் தேடுங்கள். இங்கே சொல்வது எண்ணெய் நிரப்பிய லீவர் ஷாக்குகளுக்கு மட்டும்.

கசிந்தால் சீலை (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையத்தை) மாற்று என்பதே பட்டறைகளில் முதலில் கேட்கும் பேச்சு. லீவர் ஷாக்கில் அது பாதி நேரம் வீண் செலவு. சீல் கெட்டதால் கசிவதைவிட, ஷாஃப்ட் (கையோடு சேர்ந்து பெட்டிக்குள் அசையும் தண்டு) ஆட்டம் கண்டதால் சீல் கெட்டு, அதனால் கசிவதே அதிகம். ஆட்டத்தை விட்டுவிட்டுப் போடும் புது சீல் சில நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

முதலில்: உங்கள் ஷாக் எந்த ரகம்?

முதல் ரகம் ஹூடாய் வகை. 1928 முதல் 1931 வரையிலான ஃபோர்டு மாடல் ஏ காரின் நான்கு சக்கரங்களுக்கும் இதுதான் வந்தது; அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹூட் எஞ்சினியரிங் தயாரிப்பு. வட்டமான இரும்பு உடலுக்குள், ஷாஃப்டோடு சேர்ந்த இரண்டு இறக்கைகள் முன்னும் பின்னும் அசைந்து எண்ணெயைச் சிறு துவாரம் வழியே தள்ளும். இறக்கையின் அடிப்பகுதியே ஷாஃப்ட்தான். ஆகவே அழுத்தம் ஏறும் அறைக்கு நேர் பக்கத்தில் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தேய்மானம் கூடக்கூட அழுத்தமான எண்ணெய் ஷாஃப்டை ஒட்டியே வெளியே வரப் பார்க்கும்.

இரண்டாவது பிஸ்டன் ரகம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் டெல்கோ, இங்கிலாந்தின் பெவர்லி ஊரில் செய்த ஆம்ஸ்ட்ராங் எல்லாம் இதில் சேரும். 1948 முதல் 1971 வரை வந்த மாரிஸ் மைனரிலும், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் இருப்பது ஆம்ஸ்ட்ராங்தான். இதில் ஷாஃப்ட் மேலே, எண்ணெய்த் தொட்டிக்குள் கிடக்கும். பிஸ்டன்கள் அதற்குக் கீழே ஓடும். அழுத்தம் பிஸ்டனுக்கு அடியில் மட்டுமே. ஷாஃப்ட் சீலைத் தொடுவது தொட்டியில் தளும்பும் சாதாரண எண்ணெய். அழுத்தமே இல்லாத இடத்தில் ஒழுகுகிறது என்றால் ஷாஃப்டோ அது ஓடும் துளையோ நன்றாகவே தேய்ந்துவிட்டது.

ஷாஃப்ட் ஓரம் ஈரமாக இருப்பது இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும். காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

ஷாக் முழுக்க எண்ணெயும் தூசியும் அப்பியிருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

தொட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு என்றால் இன்னும் எதையும் கழற்ற வேண்டாம். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு ஷாக், கை, லிங்க், சேஸிஸின் அந்தப் பகுதி எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்தபின் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சீராகத் தூவுங்கள். வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு மேடு பள்ளமான சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு தொடங்கும் புள்ளிதான் கசியும் இடம்.

நின்றபோதே ஈரம் பட்டால் தொட்டி மட்டத்துக்குக் கீழுள்ள ஏதோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது. ஓடும்போது மட்டும் வந்தால் அழுத்தப் பக்கத்திலோ, ஆட்டம் கண்ட ஷாஃப்டிலோ தேட வேண்டும். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் பின்னால் பாதி வேலை குறையும்.

அந்த எண்ணெய் ஷாக்குடையதுதானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். மாடல் ஏ காரில் ஃபோர்டு ஊற்றச் சொன்னது பெட்ரோலிய எண்ணெய் அல்ல. கிளிசரினில் சிறிதளவு ஆல்கஹால் கலந்த திரவம். கிளிசரின் தண்ணீரில் கரையும். ஒரு துளியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டால் கலந்துபோகும். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ மேலே மிதக்கும். பிரேக் ஆயிலும் தண்ணீரில் கரையும் என்ற குழப்பம் மாடல் ஏயில் எழாது, அதன் பிரேக்குகள் கம்பிகளால் இயங்குபவை. ஒரே சிக்கல், முந்தைய உரிமையாளர் யாராவது கிளிசரினை இறக்கிவிட்டு வேறு எண்ணெய் ஊற்றியிருக்கலாம். மாரிஸ் மைனரில் பிரேக் ஹோஸ் முன் ஷாக்குக்கு அருகிலேயே ஓடுவதால் கவனம் தேவை. பெயிண்ட் குமிழிட்டு உரிந்திருந்தால் அது பிரேக் ஆயில். ஷாக்கை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள். மேல் ட்ரன்னியனிலிருந்து (ஷாக் கையின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டிலிருந்து) பிதுங்கிய கிரீஸ் வெயிலில் இளகி ஷாக் கையில் வழிவதும் உண்டு. அது கெட்டியாக, கறுப்பாக இருக்கும்.

நிரப்பும் மூடியைச் சுற்றி மட்டும் ஈரம்

இருப்பதிலேயே எளிய கோளாறு. பெரும்பாலும் எண்ணெய் அதிகமாக ஊற்றப்பட்டிருக்கும். சூடேறி விரியும் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காற்று இடம் வேண்டும். மூடியின் மரை தொடங்கும் இடத்துக்குக் கீழே மட்டம் நிற்கட்டும்; விளிம்பு வரை ஊற்றி மூடினால் வெளியே தள்ளத்தான் செய்யும்.

மட்டம் சரியாக இருந்தும் ஈரம் வந்தால் வாஷரைப் பாருங்கள். ஃபைபர் வாஷர் ஒருமுறை நசுங்கியபின் மறுபடி உதவாது. செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் மென்மையாகி மீண்டும் பயன்படும். அலுமினிய உடலில் மரை பிய்ந்திருந்தால் டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை. அதன் துணுக்கு உள்ளே விழுந்து வால்வில் சிக்கும். உடலை முழுக்கக் கழற்றிய பிறகே மரைச் சுருள் (துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) போட வேண்டும், ஏனென்றால் துளையிடும் தூள் அத்தனையும் தொட்டிக்குள்தான் விழும்.

மேல்மூடி இணைப்பில் வழிகிறது (பிஸ்டன் ரகம்)

கேஸ்கெட் காய்ந்துவிட்டது, அல்லது யாரோ திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கி மூடியை வளைத்துவிட்டார். பெரும்பாலும் இரண்டும். மூடியைக் கழற்றுமுன் வெளிப்புறத்தை மறுபடி ஒருமுறை கழுவுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் வால்வு மூடாது.

கண்ணாடிப் பலகையில் 400 எண் எமரி தாளை ஒட்டி, மூடியின் அடிப்பக்கத்தை எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுதும் ஒரே சாயலில் மின்னும்வரை தேய்த்தால் போதும். எண்ணெய் தாங்கும் கேஸ்கெட் தாள் அரை மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிப் போடுங்கள். சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசுவது கூடாது. உள்பக்கம் பிதுங்கும் பசை உரிந்து விழுந்து எண்ணெயோடு சுற்றும். திருகுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக இறுக்குங்கள்.

அடியிலோ பக்கத்திலோ உள்ள பெரிய வால்வு நட்டில், ஓடும்போது மட்டும் ஈரம்

பிஸ்டன் ரகத்தில் இது அழுத்தப் பக்கம். நட்டுக்கு அடியிலுள்ள வாஷரை மாற்றினால் அநேகமாகத் தீரும். திறக்கும்போது ஸ்பிரிங்கும் வால்வுத் தட்டுகளும் வரும் வரிசையை ஒரு துணியில் அப்படியே அடுக்கி, படம் எடுத்துவையுங்கள். இடது ஷாக்கின் வால்வை வலதில் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி ஷாக்கைக் கடினமாக்குவது என்ற குறுக்குவழி சிலரிடம் உண்டு. நீட்டிய ஸ்பிரிங் சீக்கிரமே பழைய நிலைக்குத் தளரும், அதற்குள் இரு பக்கமும் ஒவ்வாமல் போயிருக்கும்.

ஷாஃப்டின் நடு மையத்தில் எண்ணெய் (ஹூடாய்)

ஷாஃப்டைச் சுற்றி அல்ல, அதன் நுனியில் ஊசி வால்வு இருக்கும் இடத்தில் துளி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஊசியைச் சுற்றியுள்ள அடைப்பு காய்ந்துவிட்டது. இறக்கை அறையைத் திறக்காமலே சரிசெய்யக்கூடிய ஒரே ஷாஃப்ட் கசிவு இதுதான். ஊசியைக் கழற்றுமுன் எத்தனை சுற்றில் முழுவதும் மூடுகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, திரும்பப் போடும்போது அதே அளவுக்குத் திறந்துவையுங்கள். மூடும் இடத்தில் பலம் காட்டினால் இருக்கையில் வடு விழும்.

ஷாஃப்டைச் சுற்றி ஈரம், கைக்குக் கீழே துளி தொங்குகிறது

பெரும்பான்மை ஷாக்குகள் வந்து நிற்கும் இடம் இதுவே.

முதலில் ஆட்டத்தை அளக்க வேண்டும். முன் சக்கரமென்றால் எச்சரிக்கை: மைனரிலும் எம்ஜிபியிலும் முன் ஷாக்கின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையும்கூட. அதைக் கழற்றினால் மைனரில் டார்ஷன் பாரும் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் தண்டு) எம்ஜிபியில் காயில் ஸ்பிரிங்கும் கீழ்க் கையைத் தள்ளும். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சுமையைத் தாங்கி, சேஸிஸுக்கு ஜாக் ஸ்டாண்ட் வைத்த பின்பே மேல் போல்ட்டில் கை வைக்க வேண்டும். காயில் ஸ்பிரிங் விடுபட்டுப் பாய்ந்தால் எலும்பு முறியும்.

லிங்கை விடுவித்த பின், கையை ஷாஃப்டுக்கு அருகிலேயே பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கையின் நுனியைப் பிடித்து ஆட்டினால் நீளத்தால் ஆட்டம் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். டையல் கேஜின் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவியின்) முள்ளை ஷாஃப்ட் மேல் நேரடியாக வையுங்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் புது சீல் போடுவது காசைக் கரைப்பது. நடுவில் இருந்தால்? வண்டி எவ்வளவு ஓடும் என்பதைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு சீலை மாற்றிவிட்டு, மாதம் ஒருமுறை எண்ணெய் மட்டம் பார்த்தால் போதும்.

இந்த ஷாஃப்டுகளில் சீல் சீக்கிரம் தேய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சக்கர ஷாஃப்ட் போல இது முழுச் சுற்று சுற்றுவதில்லை. சிறு கோணத்துக்குள் முன்னும் பின்னும் அசைகிறது. முழுச் சுற்றில் சீலின் உதட்டுக்கு (ஷாஃப்டைத் தொடும் விளிம்புக்கு) அடியில் எண்ணெய்ப் படலம் நன்றாக உருவாகும். அரைகுறை அசைவில் படலம் மெலிந்து, ஷாஃப்டின் அதே இடத்தை உதடு திரும்பத் திரும்பத் தேய்க்கும். எனவே ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டும் கோடு, துருக்குழி எதுவும் இருக்கக் கூடாது. குழி சிறிதென்றால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்காரவைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமென்றால் ஹார்டு குரோம் பூசி அரைக்க வேண்டியதுதான்.

பிஸ்டன் ரகத்தில் கை ஷாஃப்டின் பல்வரிசையில் இறுக்கி அடித்து உட்கார்ந்திருக்கும். கழற்றுமுன் கையிலும் ஷாஃப்ட் நுனியிலும் ஒரே கோட்டில் பன்ச் குத்துங்கள். ஒரு பல் தவறினாலும் பிஸ்டன் நடுவில் நிற்காமல், ஒரு பக்கம் முழு ஓட்டத்துக்கு முன்பே அடியில் முட்டும். சுத்தியலால் அடித்துக் கழற்ற முயன்றால் அலுமினிய உடல் விரியும். பிரஸ் அல்லது புல்லர் வேண்டும்.

உடலின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் பெரிதாக்கி வெண்கல புஷ் (ஷாஃப்ட் ஓடும் குழல்) போட வேண்டும். இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க, இரண்டையும் ஒரே அமைப்பில், ஒரே ஓட்டத்தில் துளையிடச் சொல்லுங்கள். ஒன்றை முடித்துவிட்டு உடலைத் திருப்பிப் பிடித்து அடுத்ததைச் செய்தால் ஷாஃப்ட் குறுக்கே இறுகும். புஷ் உடலில் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் இறுக்கத்தில் உட்காரட்டும். உடலை அடுப்பில் 120 டிகிரிக்குச் சூடாக்கி, புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் விரல் பலத்தில் இறங்கும். 25 மில்லிமீட்டர் அலுமினியத் துளை அந்தச் சூட்டில் சுமார் 0.05 மில்லிமீட்டர் விரிகிறது. ஆறிய பின் ரீமர் (துளையை நுண்ணளவுக்குச் சீவும் கருவி) விட்டு, ஷாஃப்ட் 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும்படி முடிக்கவும். சீலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஒரு சிறு துளை இருந்தால் சீலின் பின்னால் எண்ணெய் தேங்காது.

சீலின் ரப்பர் எண்ணெய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய், கிளிசரின் இரண்டையும் தாங்கும். பிரேக் சாமான் கடையில் கிடைக்கும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். பிரேக் ஆயிலை ஷாக்கில் ஊற்றினால் நைட்ரைல் கெடும். கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றிய ஷாக் சில மாதத்தில் ஒழுக ஆரம்பிக்க இதுவும் ஒரு காரணம்.

ஹூடாயில் வேலை கூடுதல். பின்மூடி மரையில் மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்கென்று செய்த ஸ்பேனரும் சூடும் இல்லாமல் முயன்றால் மூடிதான் வீணாகும். திறந்தபின் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே தேய்மானம் எவ்வளவு என்று பாருங்கள். இறக்கைப் பக்கம் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஷாஃப்ட் சீலை மாற்றுவதில் பலன் இல்லை. அந்த உடலை மறுகட்டமைப்பவரிடம் கொடுப்பதே மலிவு.

புதிதாகச் சரிசெய்தும் அதே இடத்தில் திரும்பக் கசிகிறது

அப்படியானால் ஷாஃப்டைக் குறுக்கே இழுப்பது எதுவென்று தேடுங்கள். லிங்கின் ரப்பர் புஷ் பிய்ந்திருக்கலாம். லிங்க் சாய்வாக நிற்கலாம். மாடல் ஏயின் பந்து மூட்டு கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கலாம். ஷாக்கைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, உடலே ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அசைந்துகொண்டிருக்கலாம். பிடிக்கும் காதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே எண்ணெய் ஊறும். கழுவி, பவுடர் தூவிப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். விரிசல் கண்ட காதை வெல்டிங் வைத்து முன் சஸ்பென்ஷனில் மாட்டாதீர்கள்.

வெளியே கசிவே இல்லை, ஆனால் வண்டி தொட்டில் போல ஆடுகிறது

கசிந்து கசிந்து எண்ணெய் தீர்ந்துபோன ஷாக் வெளியே காய்ந்துதான் இருக்கும். லிங்கை விடுவித்து, கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் சற்று வெறுமையாகப் போய்ப் பின் பிடித்தால் எண்ணெய் குறைவு அல்லது காற்று. ஒரு திசையில் மட்டும் இளகிப் போனால் வால்வில் அழுக்கு. இரு திசையிலும் எதிர்ப்பு இல்லை, ஊசியை மூடிப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் உள்தேய்மானம். கை அசையவே மறுத்தால் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வருடக்கணக்கில் நின்ற மாடல் ஏ கார்களில் இது சகஜம். இறுகிய ஷாக்கோடு ஓட்டினால் லிங்க் ஒடியும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் கசிவு நிற்கும் என்று 90 கியர் ஆயிலை விடுபவர்கள் உண்டு. கசிவு குறையும், உண்மைதான். கூடவே கை கல்லாகி, ஒவ்வொரு குழியிலும் அடி நேராக சேஸிஸுக்கும் பிடிமான போல்ட்டுக்கும் போகும்.

எண்ணெயும் நிரப்புதலும்

ஆம்ஸ்ட்ராங்குக்கு எம்ஜிபி கையேடு சொன்னது 624 எண் ஷாக் ஆயில்; அது கிடைக்காவிட்டால் எஸ்ஏஇ 20 தரத்து மினரல் ஆயில். அந்த மாற்று கடுங்குளிருக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில் நல்ல மாற்று, நுரை கட்டாது. 20 என்ற ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கெட்டி மாறும், ஆகவே இரு பக்கமும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். ஹூடாயில் கிளிசரினும் வேறு எண்ணெயும் கலக்கக் கூடாது. மாற்றுவதென்றால் முழுக்கக் கழுவி, உலர்த்தி, புது நைட்ரைல் சீலோடு மாற்றுங்கள்.

ஷாக்கை அது காரில் நிற்கும் நிலையிலேயே நிமிர்த்தி, பிடிக்கும் காதை வைஸில் மாட்டுங்கள். மெல்லிய தாரையாக ஊற்றி, கையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அசையுங்கள். வேகம் கூடாது, நுரைக்கும். மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றி மறுபடி அசையுங்கள். குமிழி நின்று, இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு வந்ததும் மட்டத்தைப் பார்த்து மூடுங்கள். அதன்பின் காரில் மாட்டும்வரை படுக்கப்போடாதீர்கள். காற்று மறுபடி அறைக்குள் புகும், எல்லாம் முதலிலிருந்து.

மாட்டியபின் 50 கிலோமீட்டர் ஓட்டிப் பிடிமான போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் பவுடர் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். ஷாஃப்ட் ஓரம் மெல்லிய ஈரம் மட்டும் தெரிந்து துளி விழாவிட்டால் விட்டுவிடலாம். உதட்டுக்கு அடியில் அவ்வளவு ஈரம் இருந்தால்தான் சீல் எரியாமல் ஓடும்.